மூன்று மணிக்கு வீட்டில் இருப்பவர்கள்

அத்தியாயம் 11

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள்:

கனிமொழி. இருபத்தொன்பது வயது. மூன்று மணிக்கு அவளுக்குத் தேர்வு.

பாரி. அவள் கணவன். தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்யும் செராமிக் கம்பெனியில் வேலை. முதுகு வலி என்று லீவு போட்டிருந்தான். முதுகு நன்றாகத்தான் இருந்தது.

காசியம்மாள். பாரியின் அம்மா. வீட்டில் இருக்கும் ஒரே டேபிள் ஃபேன் நான்கு மாதமாகக் கம்ப்யூட்டர் பக்கமே திரும்பியிருப்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெண்பா. மகள். யூ.கே.ஜி., பன்னிரண்டு மணிக்கே பள்ளி விட்டுவிடும். அம்மாவுக்கு என்னைவிடக் கம்ப்யூட்டரைத்தான் பிடிக்கும் என்று மிஸ்ஸிடம் சொல்லிவைத்திருப்பவள்.

திலீபன். கடலூர் ரோட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இன்னும் கல்யாணம் ஆகாதவன். பாரிக்கு முதலில் நினைவுக்கு வருவது இரண்டாவது விஷயம்தான்.

ஐந்து பேருக்கும் நடுவில், தரையில் விரித்த பழைய பேப்பரின் மேல், உயிர் போன சி.பி.யு. பெட்டி.

அது ஏன் ஓடவில்லை என்று பாரிக்கு முழுதாகத் தெரியும். காசியம்மாளுக்குப் பாதி தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை.

*

போன மாதம் வரை பாரி சூளையில் நைட் ஷிப்ட் பார்த்தான். பகலில் தூங்குவான். அப்படி ஒரு நாள் பதினொரு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிக்க வந்தபோது முன்னறையில் யாரும் இல்லை. கனிமொழி தெருக்குழாயில் குடம் வைத்திருந்தாள். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது.

மௌஸ் அசையவில்லை. அம்பு மட்டும் போய் ஒன்றைத் திறந்தது. ஒன்றை மூடியது. சொந்த வீட்டில் நடமாடுகிறவனைப் போல அவசரமில்லாமல் ஓரமாக வந்து நின்றது. பிறகு ஒரு சின்னக் கட்டம் திறந்து, அதில் எழுத்து விழுந்தது.

'சாப்டீங்களா?'

குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்த கனிமொழி விளக்கினாள். திலீபன் கடையில் இருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து சரி செய்ய ஒரு புரோகிராம் இருக்கிறது, அவள்தான் அனுமதி கொடுத்தாள், ஒவ்வொரு தடவையும் அவர் வந்து போக வேண்டியதில்லை. மாமியாருக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். பாரி சரி என்றான்.

சரியாக இல்லை. வீட்டுக்குள் ஒருத்தன் வந்தால் வாசலில் செருப்பு கிடக்கும். இவனுக்குச் செருப்பே இல்லை.

அடுத்த வாரமே நைட் ஷிப்ட் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்தான். சூளைச் சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொன்னான். எட்டு வருஷம் ஒத்துக்கொண்ட சூடு அது.

அதிலிருந்து அவன் கவனித்துக்கொண்டே இருந்தான். திலீபன் அவனை அண்ணே என்று கூப்பிடுகிறான். காசியம்மாளை அம்மா என்கிறான். வெண்பாவைப் பாப்பா என்கிறான். கனிமொழியை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அண்ணன் என்றால் அவன் பெண்டாட்டி அண்ணிதானே? அண்ணி இல்லை, அக்கா இல்லை, மேடம்கூட இல்லை. 'வெச்சிருங்க', 'அமுக்குங்க', 'பாத்துக்குங்க.' வெறும் 'ங்க.'

அந்த 'ங்க'வுக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் பாரி எத்தனையோ எழுதிப் பார்த்துவிட்டான்.

*

கனிமொழியின் கணக்கு வேறு. நான்கு மாதத்துக்கு முன்னால் திலீபன் கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினாள். சென்னையில் ஒரு கம்பெனி, இன்சூரன்ஸ் படிவங்களைச் சரிபார்க்க வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுக்கிறது. இரண்டு சுற்று தாண்டிவிட்டாள். இன்றைக்கு மூன்று மணிக்குக் கடைசிச் சுற்று. பதிவு செய்த கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிஷம் தாமதமானாலும் கதவு மூடிவிடும். மறுபடி எப்போது ஆள் எடுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டர் பத்து நாளாகச் சூடாகி, இரைந்து, தானாக அணைந்துகொண்டிருந்தது. முதல் தடவை திலீபன் வந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே வெள்ளை மண்தூள் அப்பிக்கிடந்தது. கம்பெனித் தூள். பாரியின் சட்டையிலும் தலைமுடியிலும் வருகிற தூள்.

"அரைப்படி தேறும் போலருக்குதுங்க. வூட்டுக்காரரு சட்டைய இதுக்குள்ளதான் உதறுறாரா?" என்று கேட்டான் திலீபன்.

கனிமொழி சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பைப் பாரி சமையலறையிலிருந்து கேட்டான். தன்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணினான். சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை தான் பேசி எத்தனை நாளாயிற்று என்பதை எண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெண்பாவின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதினான். பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற சாமி. போலீஸுக்கும் போக முடியாத, சொந்தக்காரர்களிடமும் சொல்ல முடியாத வழக்கையெல்லாம் ஜனங்கள் அவருக்கு மனுவாக எழுதி, கோயில் வேலில் கட்டிவிட்டு வருவார்கள். யார்மேல் வழக்கோ அவர் பேரும் விலாசமும் சரியாக இருக்க வேண்டும். பாரி திலீபனின் கடைக்குப் போய், போர்டைப் பார்த்துக் கதவு எண் முதற்கொண்டு எழுதிவந்தான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டது அதைக் கட்டத்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

ஆனால் காலையில் காப்பி குடிக்கும்போது கனிமொழி சொன்னாள். "இன்னைக்கும் எரையுதுங்க. திலீபன் பன்னண்டு மணிக்கு வந்து சுத்தம் பண்ணிக் குடுக்கறன்னாரு. மூணு மணிக்குள்ள ரெடியாயிடும்."

தூள் என்னுடையது. சுத்தம் பண்ணுவது அவனா?

*

ஒன்பது மணிக்குக் கனிமொழி வெண்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, அடையாள அட்டைக்கு நகல் எடுக்கப் பாலக்கரைப் பக்கம் போனாள். பாரி பெட்டியின் ஒயர்களைப் பிடுங்கினான். எது எதில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டான். அந்த அளவுக்கு ஜாக்கிரதை இருந்தது.

காசியம்மாள் முறம் வைத்துக்கொண்டு பார்த்தாள். "எங்கடா அதத் தூக்கினு போற?"

"தூசி அடிச்சிட்டு வரேன்."

"அப்படியே எங்கனா வுட்டுட்டு வந்தீனா ஃபேனாவது எனக்குக் கெடைக்கும்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

டி.வி.எஸ். வண்டியின் முன்னால் பெட்டியை வைத்துப் பேட்டைக்கு ஓட்டினான். கம்பெனியில் பியூஸ் கட்டையைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குவதற்கு முன் அதன் மேல் ஒரு பொட்டுத் தூசி இருக்கக் கூடாது. அதற்குக் கம்ப்ரஷர். ஹோஸை நீட்டி ஓர் அடி அடித்தால் கட்டை கழுவிவிட்டது போல ஆகிவிடும். கம்பெனியில் சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் பாரியின் கைக்குப் பழகிப்போன வேலை. ஊரில் அவனைவிட நன்றாகத் தூசி அடிக்க யாருக்கும் தெரியாது.

பெட்டியின் பக்கத் தகட்டில் நான்கு ஸ்குரூ. சின்ன ஸ்குரூ, தரையில் விழுந்தால் மண்ணில் கிடைக்காது. கம்பெனியில் எதைக் கழற்றினாலும் ஸ்குரூவைத் தாளில் மடித்து அந்தச் சாமானுக்குள்ளேயே வைப்பதுதான் பழக்கம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் ஒரு தாளை எடுத்தது. மடித்தது. உள்ளே ஓரமாகச் செருகியது.

பிறகு அடித்தான். வெள்ளைப் புகையாகத் தூள் கிளம்பியது. விசிறி விர்ரென்று சுற்றியது. மூலை முடுக்கெல்லாம் விட்டு அடித்தான். இனி அந்த அம்பு வந்து தேடிப் பார்க்கட்டும், துடைக்க ஒரு பொட்டுத் தூசி அகப்படாது என்று நினைத்தான். என்ன நினைக்கிறோம் என்பதே அவனுக்குச் சரியாகப் புரியவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கம்ப்ரஷர் டேங்கில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் சேரும். காலையில் முதலில் வருகிறவன் டேங்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து அதை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து தெறிக்கும். கட்டையில் பட்டால் அந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவன் பாரிதான்.

அன்றைக்கு வடித்தார்களா என்று அவன் கேட்கவில்லை. லீவில் இருக்கிறவன் பெட்டியோடு வந்து நிற்பதை சூப்பர்வைசர் பார்ப்பதற்குள் கிளம்ப வேண்டும். உள்ளே செருகியிருந்த தாளைத் துழாவினான். தாளில் இருந்து கைக்கு வந்தது இரண்டு ஸ்குரூ. போதும் என்று தகட்டை மாட்டி முடுக்கிக்கொண்டு கிளம்பினான்.

பதினொரு மணிக்குக் கனிமொழி வந்து ஸ்விட்சைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை போட்டாள். குனிந்து பெட்டியின் பக்கத்தில் முகத்தை வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து போனை எடுத்தாள். நம்பரைத் தேடவில்லை. விரல் நேராக அந்தப் பெயரில் போய் நின்றது.

பாரி அதையும் எண்ணிக்கொண்டான்.

*

இதுதான் பன்னிரண்டே காலுக்கு முன்னால் நடந்தது.

திலீபன் பெட்டியைத் தூக்கிச் சாய்த்தான். உள்ளே ஏதோ உருண்டது. தகட்டைக் கழற்றினான்.

"சுத்தமா இருக்குதே" என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை. விரலை உள்ளே விட்டு ஒரு பலகையைத் தடவி, மூக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு அடியில் செருகியிருந்த தாளை எடுத்தான். இரண்டு ஸ்குரூ பேப்பரில் விழுந்தன. இன்னும் இருக்கிறதா என்று தாளைப் பிரித்தான்.

அவன் கண் ஓடி, நின்றது.

பாரியின் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது.

நோட்டுத் தாளின் நான்கு வரிக் கோட்டில் பெரிய பெரிய எழுத்து. இன்னார் மகன் இன்னார் பணிவுடன் எழுதிக்கொள்வது. கடலூர் ரோடு, கதவு எண் இன்னது, கம்ப்யூட்டர் கடை திலீபன் என்பவர் என் வீட்டுக்குள் வராமலே வருகிறார். அவர் வராமல் இருக்க சாமி வழி செய்ய வேண்டும்.

திலீபன் தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"என்னா பேப்பரு அது?" என்றாள் கனிமொழி.

"கேரண்டி கார்டுங்க."

கனிமொழி அவனைப் பார்த்தாள். பாரியைப் பார்த்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "மெஷினப் பாருங்க" என்றாள்.

அதன்பின் இரண்டு மணி நேரம் பாரிக்கு நரகம். திலீபன் திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். சட்டையைப் பிடித்திருந்தால் இவனும் பிடிக்கலாம். அவன் ஒன்றும் செய்யாமல் வேலை பார்த்தான். பாரியின் பேரைக் காப்பாற்றினான். அவள் முன்னால், அவளிடமே பொய் சொல்லி. அவளுக்குத் தெரியாத ரகசியத்தோடு, அவளைவிட நெருக்கமாக இப்போது பாரியிடம் வந்து உட்கார்ந்துகொண்டான். அதை எப்படித் துரத்துவது என்று எந்தச் சாமிக்கு எழுதுவது?

ஒருமுறை மட்டும் திலீபன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "டேங்குல தண்ணி வடிச்சாங்களாண்ணே?"

பாரி பேப்பரில் கிடந்த ஸ்குரூக்களை எண்ணினான்.

"பேட்டைப் பக்கத்து மெஷினுல பாதி இப்படித்தான் என் கடைக்கு வருது" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

ஈரம் காய வேண்டும். டேபிள் ஃபேனை உச்சத்தில் வைத்துப் பெட்டிக்குள் திருப்பினான். காசியம்மாள் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, செத்த பிறகும் அதுக்குத்தான் காற்றா என்று கேட்டாள். திலீபன் தன் கடையிலிருந்து வேறொரு பவர் சப்ளை வரவழைத்து மாட்டினான். வெண்பாவிடம் ரப்பர் கேட்டான். பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர்தான். மெமரிக் கார்டின் மஞ்சள் பற்களில் அதை வைத்துத் தேய்த்தான். வெண்பா பக்கத்தில் குந்திக்கொண்டு, ரப்பர் கரைந்தால் புதுசு வாங்கித் தர வேண்டும் என்று கணக்கு பேசினாள். சரி பாப்பா என்றான்.

கனிமொழி சுவரோரம் நின்றிருந்தாள். உட்காரவில்லை. சாப்பிடவில்லை. முள் நகர நகர அவள் உதடு வெளுத்தது. பாரி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினான். வாங்கிக் குடிக்காமல் ஜன்னலில் வைத்தாள்.

இரண்டு முப்பத்தைந்துக்கு ஸ்விட்சைப் போட்டார்கள். பீப் என்று ஒரு சத்தம். விசிறி சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது.

வெண்பா மட்டும் கைதட்டினாள்.

*

"அந்த ரிமோட் புரோகிராம எடுத்துடுங்க" என்றாள் கனிமொழி. "பரீட்சைக்கு அது இருக்கக் கூடாது. அப்பறமும் வேணாம்."

திலீபன் எடுத்தான். ஐந்து நொடி வேலை. ஒரு மாதமாகப் பாரியைத் தூங்கவிடாதது ஐந்து நொடியில் போய்விட்டது. அவனுக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

அவள் கையை நீட்டினாள். "இப்பக் குடுங்க, அந்தப் பேப்பர."

"பரீட்சை முடியட்டும்ங்க."

"செகண்ட் ஹேண்டு மெஷினுக்கு ஏதுங்க கேரண்டி கார்டு? குடுங்க."

திலீபன் பாரியைப் பார்த்தான். பாரி தரையைப் பார்த்தான். தாள் கை மாறியது.

கனிமொழி நின்றபடி படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். திலீபன் ஸ்குரூ டிரைவர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேன்மா என்று காசியம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான். வாசலில் அவன் செருப்பு கிடந்தது. மாட்டிக்கொண்டு தெருவில் நின்று வண்டிச் சாவியைத் தேடினான்.

"கம்ப்ரஷர்ல அடிச்சது பதினோரு மணிக்கே எனக்குத் தெரியும்" என்றாள் கனிமொழி. "பெட்டில உங்க கம்பெனி எண்ணெ வாசன. நல்லது பண்ண நெனச்சித் தப்பாப் போச்சின்னு நெனச்சிக்கினேன். அதான் கேக்கல."

அவள் தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதுல அவரு பேரு இருக்குது. கதவு நம்பரு இருக்குது. உங்க பேரு, உங்க அப்பா பேரு எல்லாம் இருக்குது. எம்பேரு எங்க?"

"கனி..."

"நா இதுல யாருங்க? அவரு வந்தாரு, நீங்க பாத்தீங்க. நடுவுல நா இல்லவே இல்ல. மேச மாரி ஒரு ஓரமா இருந்தனா?"

காசியம்மாள் முறத்தைத் தேடுவது போலச் சமையலறைக்குப் போனாள். போகும்போது வெண்பாவையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மணி இரண்டு ஐம்பது. கனிமொழி தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தேர்வுக்கு முன் ஒரு படிவம் வந்தது. இந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் யார் யார்? பெயர், உறவு. பொய் சொன்னால் தேர்வு ரத்து.

பாரி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். காசியம்மாள், மாமியார் என்று அடித்தாள். வெண்பா, மகள் என்று அடித்தாள். அடுத்த கட்டத்தில் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. அவள் விரல் சாவிப்பலகையின் மேல் நின்றது. ரேஷன் கடையில் பேர் கூப்பிடுவார்கள் என்று நிற்பவனைப் போலப் பாரி நின்றான்.

அவள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

"நானும் இருக்கறனே" என்றான்.

"பொய் எழுதக் கூடாதுன்னு போட்டுருக்குது. நீங்க வெளிய இருக்கப் போறீங்க."

"எங்க?"

"தெருவுல. அவருகூட. வராம வர்ற ஆளப் பக்கத்துல வெச்சிப் பாத்துக்குங்க. நா எழுதணும்."

அவள் எழுந்து வந்தாள். தள்ளவில்லை. அவள் ஓர் அடி வைக்க, இவன் ஓர் அடி பின்னால் போனான். அப்படியே வாசற்படி தாண்டி இறங்கிவிட்டான். இறங்கிய பிறகுதான் சிமெண்ட் சுட்டது. திலீபன் சாவி கிடைக்காமல் இன்னும் செருப்போடு வேப்பமர நிழலில் நின்றிருந்தான். பாரியின் செருப்பு கதவுக்குப் பின்னால், வீட்டுக்குள் கிடந்தது.

கனிமொழி கதவில் கை வைத்தபடி இடுப்பைத் தொட்டுக் காட்டினாள்.

"இத நானே கொண்டும்போயிக் கட்டுறேன். நாளைக்கே. வழக்கு யாரு மேலன்ற பேர மட்டும் மாத்திட்டு."

"யாரு பேர?"

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி இரண்டு தடவை திரும்பியது.